நான்காம் கூறு
லாப்ரடார் மருத்துவர் கிரென்பெல்லின் வாழ்வு

மருந்து என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யுமிடத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணை செய்பவன் என்பன அந்நான்கு கூறுகள். முதல் மூன்றும் எவர் கண்ணுக்கும் புலனாகும். உழைச்செல்வான் என அவர் பெயரிட்ட நான்காமவனோ பெரும்பாலும் நிழலிலேயே நிற்பவன். விளக்கை ஏந்தி நிற்பதும், வெந்நீர் காய்ச்சுவதும், விறகு பிளப்பதும், இரவெல்லாம் கண்விழித்திருப்பதும் அவன் பணி. நோய் தீர்ந்தபின் அவன் பெயரைக் கேட்பார் இல்லை. அந்த நான்காம் கூறு இல்லாமல் ஏனைய மூன்றும் நிலைபெறா என்பதை ஒரு பனிக்கடற்கரையில் நாற்பதாண்டுகள் வாழ்ந்து காட்டிய மருத்துவர் வில்பிரட் கிரென்பெல்.

இங்கிலாந்தின் மேற்குக் கரையில் டீ ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தை ஒட்டிய பார்க்கேட் என்னும் சிற்றூரில் 1865ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் கிரென்பெல் பிறந்தார். தந்தை அவ்வூர்ப் பள்ளியின் தலைமையாசிரியர். ஒருகாலத்தில் துறைமுகமாய்ச் சிறந்திருந்த அவ்வூர், மணல் மேடிட்டுக் கப்பல்கள் வராது போனபின் மீனவர் குடியாகச் சுருங்கியிருந்தது. சேற்று நிலங்களிலும் படகுகளிலும் அலைந்து திரிந்த சிறுவனுக்கு ஏட்டுக் கல்வியைவிடக் கடலே நெருக்கமாயிற்று. அலையையும் காற்றையும் அறிந்த அந்த இளமை, பின்னாளில் அவர் கற்ற மருத்துவத்தைப் போலவே அவருக்குப் பயன்பட்டது.

1883இல் அவர் இலண்டன் மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்தார். நகரின் கிழக்குப் பகுதியில், வறுமையும் குடியும் நெருக்கடியும் மலிந்த சேரிகளின் நடுவே நின்றது அம்மருத்துவமனை. புகழ்பெற்ற அறுவை மருத்துவர் பிரெடரிக் டிரீவ்ஸ் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். 1885இல் ஒருநாள் இரவு, நோயாளி ஒருவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், பெரிய கூடாரம் ஒன்றில் கூட்டம் நடப்பதைக் கண்டு உள்ளே நுழைந்தார். மேடையில் ஒருவர் முடிவில்லாத நீண்ட செபம் செய்துகொண்டிருந்தார். சலிப்புற்ற மாணவர் எழுந்து வெளியேற முனைந்த வேளையில், கூட்டத்தை நடத்திய அமெரிக்கச் சமயப் பேச்சாளர் மூடி இடைமறித்து, அவர் செபத்தை முடிக்கும்வரை மற்றவர்கள் பாடிக்கொண்டிருக்கலாமே என்றார். இந்த நடைமுறை அறிவு இளைஞருக்குப் பிடித்துப்போயிற்று. நின்று கேட்டார். சமயம் என்பது ஒருவன் தன் கைத்தொழிலால் செய்து காட்டவேண்டிய ஒன்று என்னும் எண்ணத்தோடு வீடு திரும்பினார்.

1888இல் மருத்துவராகத் தேறியதும், அடுத்து எங்கே செல்வது என்னும் வினா எழுந்தது. டிரீவ்ஸ் கடலில் பேரன்பு கொண்டவர். ஆழ்கடல் மீனவர்க்குப் பணிபுரியும் இயக்கம் ஒன்றோடு தொடர்புடையவர். வடகடலில் மாதக்கணக்கில் வலை வீசிக் கிடக்கும் மீனவர்க்குக் கை முறிந்தாலும் கால் நசுங்கினாலும் கரை திரும்பும்வரை சிகிச்சை இல்லை. மலிவு மதுவைக் கொண்டுவந்து அவர்களிடம் விற்கும் கப்பல்கள் மட்டும் தவறாமல் வந்தன. அம்மீனவர்களிடையே சென்று பணியாற்றுமாறு ஆசிரியர் வழிகாட்டினார். மாணவர் சென்றார்.

வடகடலில் தொடங்கிய பணி அவரை அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் இட்டுச் சென்றது. நியூபவுண்ட்லாந்துத் தீவின் மீனவர்கள் படும் துன்பம் பற்றிய செய்தி இயக்கத்தை எட்டியிருந்தது. 1892இல் ஆல்பர்ட் என்னும் பாய்மரக் கப்பலில் கிரென்பெல் அங்கே புறப்பட்டார். கப்பல் சேர்ந்த வேளையில் தலைநகர் செயின்ட் ஜான்ஸ் சூலை 8ஆம் நாள் மூண்ட பெருந்தீயில் பெரும்பகுதி சாம்பலாகியிருந்தது. ஊர் எரிந்த நிலையிலும் மீன் பருவம் நிற்கவில்லை. பல்லாயிரம் மீனவர் பாய்மரக் கப்பல்களில் வடக்கே லாப்ரடார் கரையை நோக்கிச் சென்றனர். அவர்களைத் தொடர்ந்து ஆல்பர்ட்டும் சென்றது.

தமிழ் மரபில் நெய்தல் என்றதும் புன்னை நிழலும் வெண்மணலும் உப்பங்கழியும் மனத்தில் தோன்றும். லாப்ரடார் வேறொரு நெய்தல். மரமற்ற பாறைகளும், கோடையிலும் மிதந்து வரும் பனிமலைகளும், ஆண்டில் பாதிக்குமேல் உறைந்து கிடக்கும் கடலும் கொண்ட நிலம் அது. கோடையில் வந்து காட் மீனைப் பிடித்து, பிளந்து, உப்பிட்டு, உலர்த்தி எடுத்துச் செல்வோர் ஒருபுறம். அங்கேயே நிலையாகத் தங்கிக் குளிர்காலத்தில் பொறி வைத்து விலங்குத்தோல் சேர்ப்போர் மறுபுறம். வடக்கே பழங்குடியினரான இன்யூட் மக்கள் வாழ்ந்தனர். அவர்களிடையே மொராவியச் சபையினர் 1771 முதல் நிலையம் அமைத்திருந்தனர். எஞ்சிய நெடுங்கரையில், கோடையில் அஞ்சல் கப்பலோடு வந்து போகும் மருத்துவர் ஒருவரைத் தவிர வேறு துணை இல்லை.

முதல் கோடையிலேயே கிரென்பெல் ஏறத்தாழ 900 நோயாளிகளைப் பார்த்தார். அவர்களுள் ஒருவர் அவர் நினைவிலிருந்து இறுதிவரை நீங்கவில்லை. ஒரு மாலைப்பொழுதில் சிறு ஓடத்தில் வந்த ஏழை மனிதர் ஒருவர், கப்பலில் இருப்பவர் மெய்யாகவே மருத்துவர்தாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டு, அவரைக் கரைக்கு அழைத்துச் சென்றார். புற்கட்டிகளால் எழுப்பிய இருட்குடிலில் ஒருவர் நுரையீரல் காய்ச்சலால் சாகும் நிலையில் கிடந்தார். மூலையில் குழந்தைகள் அஞ்சி ஒடுங்கியிருந்தனர். மனைவி ஒரு கரண்டியால் குளிர்ந்த நீரை அவர் வாயில் விட்டுக்கொண்டிருந்தார். அக்குடிலில் நோயுற்றவர் இருந்தார், மருத்துவரும் வந்துவிட்டார், மருந்தும் வந்துவிட்டது. ஆயினும் கப்பல் மறுநாளே பிற நோயாளிகளைத் தேடிச் செல்லவேண்டும். அவர் அருகிருந்து பேணப் பயிற்சி பெற்ற ஒருவர் இல்லை. கிடத்துவதற்கு ஒரு கட்டிலும் இல்லை. இரு மாதங்கள் கழித்துக் கப்பல் மீண்டும் அங்கே நங்கூரமிட்டபோது நிலத்தைப் பனி மூடியிருந்தது. அவர் புதைக்கப்பட்டிருந்தார். கைம்பெண்ணும் குழந்தைகளும் குளிர்காலத்தை வெறுங்கையோடு எதிர்நோக்கியிருந்தனர்.

வந்து போகும் மருத்துவம் போதாது என்பதை அந்தக் குடில் அவருக்குக் கற்பித்தது. மறு ஆண்டு 1893இல் அவர் திரும்பியபோது தனியே வரவில்லை. பொபார்ட், கர்வன் என்னும் மருத்துவர் இருவரும், செசிலியா வில்லியம்ஸ், ஏடா கார்வர்டைன் என்னும் செவிலியர் இருவரும் உடன் வந்தனர். வணிகர் அளித்த ஒரு கட்டடத்தில் பேட்டில் ஹார்பரில் முதல் மருத்துவமனை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இந்தியன் ஹார்பரில் மற்றொன்று எழுந்தது. 1899இல் ஸ்ட்ராத்கோனா என்னும் மருத்துவக் கப்பல் அவருக்குக் கிடைத்தது. நூற்றாண்டின் திருப்பத்தில் நியூபவுண்ட்லாந்தின் வடமுனையிலுள்ள செயின்ட் அந்தோனி என்னும் மீனவர் சிற்றூரில் குளிர்காலம் முழுவதும் தங்கினார். அவ்வூரே பின்னர் அவர் பணியின் தலைமையிடமாயிற்று.

நோயைத் தேடிச் சென்றவர் நோயின் வேரைக் கண்டார். அது உடலில் இல்லை. வணிகரின் கணக்கேட்டில் இருந்தது. வசந்தத்தில் உப்பும் வலையும் மாவும் கடனாகக் கொடுப்பார் முதலாளி. இலையுதிர்காலத்தில் பிடித்த மீன் முழுவதையும் அவரே எடுத்துக்கொள்வார். கடன் பொருளின் விலையும் அவர் சொல்வதே. மீனின் விலையும் அவர் சொல்வதே. பணம் கைமாறுவது அரிது. மீன் பொய்த்த ஆண்டில் கடன் கொடுக்க மறுத்தால் குளிர்காலம் பட்டினிக் காலம். வெள்ளை மாவு ரொட்டியும் வெல்லப்பாகு கலந்த தேநீரும் உப்பிட்ட இறைச்சியுமே உணவான குடும்பங்களில் பெரிபெரி நோய் காலை முடக்கியது. நெருக்கமான குடில்களில் காசநோய் குடும்பம் குடும்பமாகப் பற்றியது. 1907இல் பாஸ்டனிலிருந்து வந்து சேர்ந்த அறுவை மருத்துவர் ஜான் மேசன் லிட்டில், தவிடு நீக்கிய வெள்ளை மாவுக்கும் அக்கரையின் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1912இல் வெளியிட்டார்.

இதனால் கிரென்பெல் மருந்துப்பெட்டியோடு நிற்கவில்லை. 1896இல் ரெட் பே என்னும் ஊரில் மீனவரே பங்கு சேர்த்து நடத்தும் கூட்டுறவுக் கடை தோன்றத் துணைநின்றார். பின்னர் வேறு ஊர்களிலும் அத்தகைய கடைகள் எழுந்தன. பல நொடித்தன, சில நிலைத்தன. ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லமும் பள்ளியும் அமைத்தார். 1906இல் வந்த ஜெசி லூதர் என்னும் பெண்மணி நெசவும் கைத்தொழிலும் கற்பித்தார். அக்கரைப் பெண்கள் குளிர்காலத்தில் கோணித்துணியில் கந்தல் நூலைக் கொக்கியால் இழுத்துத் தரைவிரிப்பு செய்யும் வழக்கம் உடையவர்கள். அந்தப் பழைய கைத்திறமே வருவாய்க்கு வழியாயிற்று. நகரப் பெண்கள் கழித்த பட்டுக் காலுறைகள் மூட்டை மூட்டையாய் வந்து, பனிக்கரடியும் நாய்வண்டியும் படகுமாய் உருமாறி, அதே நகரங்களுக்கு விலைப்பொருளாய்த் திரும்பின.

இவை அனைத்திலும் அவர் ஒரு நெறியைப் பின்பற்றினார். இயன்றவரை எதையும் இலவசமாகத் தருவதில்லை. சிகிச்சைக்கு ஈடாக விறகோ மீனோ சில நாள் உழைப்போ பெற்றுக்கொள்வார். நன்கொடையாய் வந்த ஆடைகளும் வேலைக்கு ஈடாகவே வழங்கப்பட்டன. ஏற்பவன் கையைத் தாழ்த்தாத ஈகையே ஈகை என்பது அவர் துணிபு. ஏழையின் மானத்தைக் காப்பதும் மருத்துவத்தின் பகுதி என்று அவர் கருதினார்.

1908ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் நிகழ்ந்தது அவர் பெயரை உலகறியச் செய்தது. இரு வாரங்களுக்கு முன் தொடை எலும்பு நோய்க்காக அவர் அறுவை செய்த இளைஞன் ஒருவன் நிலை மோசமாகிவிட்டதெனத் தெற்கே நெடுந்தொலைவிலிருந்து ஆள் வந்தது. நாய்கள் பூட்டிய சறுக்குவண்டியில் உடனே புறப்பட்டார். சுற்றுவழியைத் தவிர்க்க உறைந்த விரிகுடாவின் குறுக்கே வண்டியைச் செலுத்தினார். காற்றுத் திசை மாறியது. காலடியில் பனி குழம்பாய் நெகிழ்ந்தது. வண்டி மூழ்கியது. வாரை அறுத்து நாய்களை விடுவித்து, அவற்றின் துணையோடு மிதக்கும் பனிப்பாளம் ஒன்றில் ஏறினார். மேலங்கியும் தொப்பியும் கையுறையும் போயின. பாளம் திறந்த கடலை நோக்கி நகர்ந்தது. உறைந்து சாகாதிருக்க மூன்று நாய்களைத் தம் கையாலேயே கொன்று, அவற்றின் தோலைப் போர்த்திக்கொண்டார்; எஞ்சிய நாய்களுள் பெரியதன்மீது சாய்ந்து இரவைக் கழித்தார். விடிந்ததும், உறைந்துபோன நாய்க்கால்களைப் பிணைத்துக் கொடிக்கம்பமாக்கித் தம் சட்டையைக் கொடியாக்கி அசைத்தார்.

முந்திய மாலையிலேயே கரையிலிருந்தோர் கண்ணில் அந்தப் பாளம் பட்டிருந்தது. இரவில் படகு இறக்க வழியில்லை. மறுநாள் காலை ஐந்து மீனவர் உயிரைத் துச்சமாக எண்ணி, மோதி நொறுங்கும் பனிக்கட்டிகளிடையே படகைச் செலுத்திச் சென்று அவரை மீட்டனர். அன்று நோயுற்றவர் மருத்துவர். உழைச்செல்வார் அக்கரையின் ஏழைகள். கூலி பேசாமல் வந்தார்கள், கூலி கேளாமல் போனார்கள். அவர் தேடிச் சென்ற இளைஞனும், பனி விலகியபின் படகில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். மூடி, வாட்ச், ஸ்பை என்னும் அம்மூன்று நாய்களின் பெயரைப் பொறித்த உலோகத் தகட்டைக் கிரென்பெல் தம் வீட்டில் பதித்து வைத்தார். இரவு முழுவதும் தம்மை மூடியிருந்தவற்றிற்கு அவர் எழுதிய இரங்கற்பா அத்தகடு எனலாம்.

அந்நிகழ்ச்சியைப் பற்றி அவர் எழுதிய சிறுநூல் 1909இல் வெளிவந்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அவர் பேச்சைக் கேட்க மக்கள் திரண்டனர். அதே ஆண்டு சிகாகோ பகுதியைச் சேர்ந்த ஆன் மக்கிளானகனை மணந்தார். கணவரின் கடிதங்களையும் கணக்குகளையும் ஒழுங்குசெய்யும் சுமையை அந்த அம்மையார் ஏற்றார். ஒழுங்கு அவருக்கு இயல்பானதன்று. ஒரு திட்டம் வேரூன்றுமுன் மற்றொன்றைத் தொடங்குவார். லாப்லாந்திலிருந்து 1908இன் தொடக்கத்தில் 300 பனிமான்களைக் கொண்டுவந்து பால்வளத்தைப் பெருக்க முயன்றார். சில ஆண்டுகளில் அம்மந்தை அழிவை நோக்கியது. இலண்டன் இயக்கத்தோடு இருந்த கட்டு தளர்ந்து, 1914இல் பன்னாட்டுக் கிரென்பெல் சங்கம் என்னும் தனி அமைப்பு உருவாயிற்று.

நகரங்களில் அவர் ஆற்றிய உரைகள் பணத்தோடு இளைஞரையும் கொண்டுவந்தன. ஆர்வர்டு, யேல் முதலிய பல்கலைக்கழகங்களின் மாணவர்கள், ஊதியமின்றி, தம் வழிச்செலவையும் தாமே ஏற்று, கோடைதோறும் அக்கரைக்கு வந்தனர். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பலர் அவர்களுள் இருந்தனர். வந்தவர்கள் கையில் மண்வெட்டி கொடுக்கப்பட்டது. குடிநீர்க்குழாய்க்குப் பாறை நிலத்தில் கால்வாய் தோண்டினார்கள், நிலக்கரி இறக்கினார்கள், கல் சுமந்தார்கள், கொசுக்கடியில் வேலி கட்டினார்கள். செவிலியரும் ஆசிரியரும் பல் மருத்துவரும் அவ்வாறே வந்தனர். வீரச்செயல் தேடி வந்து சலித்துத் திரும்பியோரும் உண்டு. இவர்கள் உழைப்பு கரையை மாற்றுவது போலவே, கரை இவர்களை மாற்றும் என்று அவர் நம்பினார்.

அவரைக் குறைகூறியோர் இல்லாமல் இல்லை. கூட்டுறவுக் கடைகளால் இழப்புற்ற வணிகர் முறையிட, 1917இல் அரசின் விசாரணையே நடந்தது. அவர் சொன்னது பொறாமையாளர்க்கு மட்டும் கசந்ததன்று. அயல்நாட்டு மேடைகளில் தம் வறுமை திரும்பத் திரும்பச் சித்திரிக்கப்படுவது நியூபவுண்ட்லாந்து மக்கள் பலர்க்கு நாணமாயிருந்தது. இரக்கத்தைத் தூண்டும் பேச்சு, இரக்கத்திற்கு உரியவராக்கப்பட்டவரின் மானத்தைத் தொடும் என்பதை, ஏற்பவன் மானத்தை அத்துணை மதித்த அவரே எப்போதும் உணர்ந்தாரில்லை.

இதனினும் கனத்த நிழல் பின்னர் வெளிப்பட்டது. சங்கம் நடத்திய விடுதிப் பள்ளிகளுக்கு இன்யூட் முதலிய பழங்குடிக் குழந்தைகள் வீட்டையும் மொழியையும் பிரிந்து வந்தனர். அங்கே பலர் துன்புற்றனர். கிரென்பெல் மறைந்து முக்கால் நூற்றாண்டுக்குப் பின், 2017 நவம்பர் 24 அன்று, அச்சங்கமும் மொராவியச் சபையும் நடத்திய விடுதிப் பள்ளிகளில் பயின்றோரிடம் கனடாவின் பிரதமர் முறைப்படி மன்னிப்புக் கோரினார். அருகிருந்து துணைசெய்ய வருபவன் வீட்டுக்குரியவனின் மொழியைக் கேளாதபோது, அன்பே காயமாகிவிடும். அவர் புகழைப் பேசுவோர் இதையும் சேர்த்தே பேசவேண்டும்.

1927இல் செயின்ட் அந்தோனியில் புதிய மருத்துவமனை எழுந்தது. அவ்வாண்டே அவருக்கு வீரத்திருமகன் பட்டமும் கிடைத்தது. அதற்குள் இதயம் தளர்ந்திருந்தது. 1930களில் பொறுப்புகளை ஒவ்வொன்றாய்ப் பிறரிடம் ஒப்படைத்தார். 1938இல் மனைவி மறைந்தார். மறு கோடையில், அவர் அஸ்தியை எடுத்துக்கொண்டு கிரென்பெல் இறுதியாக ஒருமுறை செயின்ட் அந்தோனிக்கு வந்தார். தம் வீட்டின் பின்னுள்ள குன்றில் அதை அடக்கம் செய்தார். 1940 அக்டோபர் 9ஆம் நாள் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் அவர் உயிர் நீத்தார். அவர் அஸ்தியும் அதே குன்றுக்கு வந்தது.

வந்தோர் பலரும் கோடை முடிந்ததும் திரும்பினர். சிலர் தங்கினர். 1912இல் வந்த ஆங்கிலேயர் ஹாரி பேடன் லாப்ரடாரின் உட்பகுதி மக்களுக்கே தம் வாழ்நாளை ஈந்து 1939இல் மறைந்தார். அவர் மகனும் அங்கேயே மருத்துவரானார். 1981இல் நியூபவுண்ட்லாந்து மாகாணத்தின் துணைநிலை ஆளுநராகவும் ஆனார். அதே ஆண்டில்தான் சங்கத்தின் மருத்துவப்பணி அரசின் பொறுப்புக்கு மாறியது. கப்பலில் வந்த உதவி, அந்த மண்ணின் உரிமையாயிற்று.

1915இல் மற்றொரு இளம் மருத்துவர் வந்தார். ஆர்வர்டில் பயின்ற சார்லஸ் கர்ட்டிஸ் என்னும் அவர் சிறிது காலம் தொண்டாற்றிச் செல்லவே வந்தவர். கிரென்பெல் மேடைதோறும் கனவுகளை விதைத்துக்கொண்டிருந்த காலத்தில், கர்ட்டிஸ் செயின்ட் அந்தோனியிலேயே இருந்து அறுவை செய்தார், கணக்குப் பார்த்தார், கட்டடம் எழுப்பினார், குழாய் உடைந்தால் அதையும் பார்த்துக்கொண்டார். தலைவர் தொடங்கியவற்றை முடித்துவைப்பது அவர் வாழ்வாயிற்று. கிரென்பெல்லின் பெயரை நூல்களும் நினைவிடங்களும் சுமக்கின்றன. அந்தச் சிற்றூரில் இன்று நோயுற்றோர் நாடிச் செல்லும் மருத்துவமனையின் வாயிலில் உள்ள பெயரோ சார்லஸ் கர்ட்டிஸ்.